ஏழு பேரும் ஒரு பச்சைப் பொட்டும்

மேசை, ஆரஞ்சு, பாலம், குதிரை, ஊசி, ஐந்தையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா அவன் முகத்தையே பார்க்கிறாள், அவள் முகமும் நீலம், கையிலிருக்கும் அட்டையும் நீலம், கூரை நீலம், பக்கமெல்லாம் நீலத் துணி, மைதானத்து ஓரத்தில் நாலு பேர் நிற்கிற அளவுக்கு விரித்த கூடாரம், துணிக்கு அந்தப் பக்கம் எழுபதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், இந்தப் பக்கம் ஜெரின் பொன்னையன், வயது முப்பத்தொன்று, அமெரிக்கக் கால்பந்தில் ஒன்பது வருஷமாக நடு லைன்பேக்கர், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஐந்து வார்த்தையை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறான். அஞ்சு நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்பேன், என்கிறாள். கேளுங்க, தாராளமாகக் கேளுங்க, எனக்கென்ன. சற்று முன்னால் ஒரு தடியன் தலையால் மோதிவிட்டான், எழுந்திருக்க இரண்டு விநாடி கூடுதலாகிப்போனது, அவ்வளவுதான், அதை மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் எவனோ பார்த்துத் தொலைத்துவிட்டான், இவனைக் கூட்டிப் போய்ச் சோதி என்று கீழே சொல்லிவிட்டான். ஆட்டம் முடிய ஏழு நிமிஷம் பாக்கி, நம்ம பக்கம் நாலு புள்ளி முன்னால், இதை ஜெயித்தால் அடுத்தது இறுதிப் போட்டி, ஒன்பது வருஷமாக அவன் கால் படாத ஒரே மைதானம், அங்கே போகாமல் அவன் ஓயப்போவதில்லை என்று ஊருக்கே தெரியும்.

பேர்தான் கால்பந்து, காலுக்கும் பந்துக்கும் பெரிதாக ஒரு சம்பந்தமும் கிடையாது, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவான், நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் போக வேண்டும், போனால் இன்னும் நாலு வாய்ப்பு, போகாவிட்டால் பந்து மற்றவனுக்கு, இவ்வளவுதான் ஆட்டம், மிச்சமெல்லாம் மண்டை. முன்வரிசையில் மலை மலையாக நிற்கிறவர்களுக்கு நேர் பின்னால், நட்ட நடுவில், நாலு கெஜம் தள்ளி நிற்கிறவன் ஜெரின், பந்து யார் கைக்குப் போகும், எந்தச் சந்தில் நுழையும் என்று அது புறப்படுவதற்கு முன்னாலேயே படித்து, தன் பக்கத்துப் பத்துப் பேருக்கும் கத்திச் சொல்லி, பிறகு தானே போய் அவனைச் சாய்க்க வேண்டும். அந்த வேலை பார்க்கிறவன் ஹெல்மெட்டுக்கு மட்டும் பின்பக்கம் பச்சையாக ஒரு பொட்டு ஒட்டுவார்கள், உள்ளே காதோரம் ஒரு சின்ன ஸ்பீக்கர், பயிற்சியாளர் ஓரத்திலிருந்து பேசுவது கேட்கும், ஆனால் ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஓடுகிற கடிகாரத்தில் பதினைந்து விநாடி இருக்கும்போது டக்கென்று குரல் அறுந்துவிடும், விதி அப்படி, அதற்குப் பிறகு உன் பாடு. அந்தப் பதினைந்து விநாடிக்காகவே அவன் பிறந்தான் என்று சொன்னால் மிகையில்லை, எல்லாரும் பதறுகிற அந்த நேரத்தில்தான் அவனுக்கு மனசு குளிர்ந்து தெளியும், எதிர்ப்பக்கம் பந்துக்கு வலது கைப்பக்கமாகக் குனிந்து நிற்கும் கார்டு என்கிற தடியன் தரையில் ஊன்றிய கையை அவன் பார்ப்பான், விரல் முட்டி வெளுத்திருந்தால் உடம்புப் பாரமெல்லாம் கையில், முன்னால் பாயப்போகிறான், ஓட்டம்தான் வருகிறது, முட்டியில் ரத்த நிறம் இருந்தால் பின்வாங்கப்போகிறான், பந்தை எறியப்போகிறார்கள். இதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. டெரலுக்குச் சத்தியமாகச் சொன்னதில்லை, டெரல் இரண்டு வருஷமாக அவன் இடத்துக்கே குறி வைத்து வெளியே உட்கார்ந்திருக்கிற ஆள், நல்லவன், கெட்டிக்காரன், அதனாலேயே சொல்லவில்லை, சோறு போடுகிற சட்டியை எவனாவது தூக்கிக் கொடுப்பானா.

சட்டி என்றதும் அம்மாவின் மீன் சட்டிதான், ஹூஸ்டனில் அந்தச் சின்ன அடுக்களை, மார்த்தாண்டத்திலிருந்து கைப்பெட்டிக்குள் சுற்றி வந்த மண்சட்டி, அம்மா நர்ஸ், ரோஸ்லெட் சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரியில் டாக்டர்களே எழுந்து நிற்பார்கள், மூளை வார்டில் முப்பது வருஷம், ராவும் பகலும் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோனவள், அவளுக்கு இந்தப் பிள்ளை, பதிமூன்று வயசில் ஆறடி, சபையில் பெண்கள் காதோடு காதாகப் பேசுவார்கள், இது பொன்னையன் பிள்ளைதானா, எதைப் போட்டு வளர்த்தா இவ. என்னத்தப் போட்டேன், மரச்சீனிக் கிழங்கும் மீனும்தான், கண்ணு வைக்காதிங்கடி, என்பாள் அம்மா. பள்ளியில் ஒரு கோச் கூப்பிட்டு ஹெல்மெட்டை மாட்டிவிட்டார், முதல் மோதலிலேயே ஒருத்தனை மல்லாத்திவிட்டு ஜெரின் கை கொடுத்துத் தூக்கிவிட்டுச் சாரி சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், அன்றைக்கே தெரிந்துபோயிற்று இதுதான் தன் வேலை என்று. அப்பா டெலிவிஷன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்பார், முடிஞ்சுதா ரோஸ்லெட், எழும்பிட்டானா, என்று மட்டும் கேட்பார். கல்லூரி முடித்ததும் பெரிய அணிகளெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து ஆள் எடுத்தார்கள், இருநூற்றைம்பது பேருக்கு மேல், அதில் அவன் பேர் இல்லை, எடுக்காட்டா போங்கடா என்று தானாகப் போய் ஒரு முகாமில் சேர்ந்தான், ஆகஸ்ட் கடைசியில் ஆள் கழிக்கிற நாள், விடிந்ததும் ஒருத்தன் கதவைத் தட்டி, கோச் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா, என்பான், புத்தகத்தையும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை, பெட்டியைக் கட்டலாம், இரண்டு வருஷம் இரண்டு ஊரில் அந்தத் தட்டலைக் கேட்டிருக்கிறான். மூன்றாவது முகாமில் தட்டின சத்தம் பக்கத்து அறைக்குப் போனது, இவன் கட்டிலில் உட்கார்ந்து தன் புத்தகத்தை மூன்றாம் முறையாக முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தான், அட்டை கிழிந்தாலும் சரி, ஒரு வரி விடாமல் மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் அவனை நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது, அவனைவிட வேகமாக ஓடுகிறவன் உண்டு, அவனைவிடத் தடியன் உண்டு, மறக்காதவன் அவன் ஒருத்தன்தான்.

மறக்காதவனுக்குத்தான் மறந்த மாதிரி நடிக்கத் தெரியும். ஆட்டக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது, வெளியே பேசமாட்டார்கள், வருஷா வருஷம் ஜூலையில், ஆட்டம் தொடங்குமுன், டாக்டர்கள் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து ஞாபகச் சோதனை வைப்பார்கள், வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்பது, எண்ணைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது, அதை அப்படியே எழுதி வைப்பார்கள், பிறகு நடுவில் எவனுக்காவது மண்டையில் அடிபட்டால் மறுபடி சோதித்து ஜூலைக் கணக்கோடு ஒப்பிடுவார்கள், இறங்கியிருந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. முதல் வருஷமே பக்கத்து நாற்காலிக்காரன் காதில் ஓதினான், ஜூலையில முட்டாளா இரு, டிசம்பர்ல தப்பிச்சுக்குவ. ஜெரினுக்கு ஐந்து வார்த்தையும் கற்கண்டு மாதிரி இனித்துக்கொண்டு நாக்கு நுனியில் நிற்கும், மூன்றைச் சொல்லுவான், நெற்றியைச் சுருக்குவான், இரண்டு வரலையே டாக்டர் என்று அசடு வழிவான், ஒன்பது ஜூலையும் அதே நடிப்பு, நல்ல நடிப்பு. தப்பென்று அவன் நினைக்கவில்லை, ஆட்டத்தில் எல்லாரும் ஏமாற்றத்தானே செய்கிறார்கள், இடது பக்கம் பார்த்துக்கொண்டு வலது பக்கம் எறிகிறவன் யோக்கியனா. ஒரு வருஷம் மோதி எழுந்த ஜெரின் நேராக எதிரணிக் கூட்டத்துக்குள் போய் நின்று அவர்கள் ரகசியம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினான், வேவு பார்க்கப் போனேன் என்று அதையே சொல்லிச் சொல்லி நாலு வருஷம் எல்லாரையும் சிரிக்க வைத்தான், சிரிக்காதவள் அம்மா ஒருத்தி.

அம்மா அதற்குச் சிரிக்காமல், பேரு சொல்லு பாப்பம் மக்ளே, என்றாள். எந்த ஆட்டம் முடிந்தாலும் அதுதான், ஜெயித்தானா தோற்றானா கேட்க மாட்டாள், போனை எடுத்ததும் பேரு சொல்லு. சின்ன வயசில் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம், பாட்டு, வேதம், கடைசியில் பிள்ளை கண்ணை மூடி ஊரிலிருக்கும் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் ஏழு பேரையும் மூப்பு வரிசையில் சொல்லி ஜெபிக்க வேண்டும், தேவநேசம் மாமாவ ஆசீர்வதியும், ஞானம்மாள் பெரியம்மாவ ஆசீர்வதியும், ரத்தினபாய் பெரியம்மாவ, செல்லத்துரை மாமாவ, வசந்தபாய் சித்திய, கிறிஸ்துராஜ் மாமாவ, லீலாபாய் சித்திய, ஆமென், ஒருத்தரை விட்டாலும் வரிசை மாறினாலும் அம்மா கண்ணைத் திறக்காமலே, முதல்ல இருந்து, என்பாள், அப்பம் ஆறிக்கொண்டிருக்கும். வளர்ந்து இருநூற்று நாற்பது பவுண்டு ஆன பிறகும் விடவில்லை, ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி ஒரே மூச்சில் ஏழு பேரையும் கொட்டுவான், உடை மாற்றும் அறையில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் கூடவே தாளம் போடுவார்கள், டெரலுக்கே மூன்று பேர் பாடம். அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அப்பாவிடம் கேலி பேசுவான். அந்தப் பக்கம் எப்போதும் பேனாவின் பொத்தானை அழுத்துகிற சத்தம், டிக், பேர் முடிந்ததும் இன்னொரு டிக், எதையோ குறிக்கிறாள், கடைக்குப் போக வேண்டிய சாமானாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

இப்ப எந்த மாசம், என்று நீலத்துக்குள்ளிருந்து டாக்டரம்மா கேட்கிறாள், ஜனவரி, கடைசியாப் புள்ளி எடுத்தது யாரு, நாங்கதான், பின்னே யாரு, எண்ணைத் தலைகீழாச் சொல்லுங்க, சொன்னான், அந்தக் குரல், அந்த இழுப்பு, தணிந்து ஒன்றுமே இல்லாத மாதிரி கேட்கிற அந்த விதம், இதை எங்கே கேட்டிருக்கிறான், எட்டு வயசு, பள்ளி விட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பையோடு உட்கார்ந்திருக்கிறான், கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே கட்டிலில் தலையில் கட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர், அம்மா குனிந்து, உங்க பிள்ளைங்க பேரெல்லாம் மூத்தவர்ல இருந்து வரிசையாச் சொல்லுங்க பாப்போம், என்கிறாள், அவர் இரண்டு பேர் சொல்லி மூன்றாவதற்குச் சுவரைப் பார்க்கிறார், அம்மா சிரித்தபடி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கிறாள், டிக். அட என் அம்மே. பக்தியாம், பக்தி. ஒன்பது வருஷம், நூற்று நாற்பது ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் பிறகு மூளை வார்டு சிஸ்டர் ரோஸ்லெட் அவனைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஊரையே ஏமாற்றின பயல் அங்கே மட்டும் நடிக்காமல் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், ஜெபத்தில் எவன் நடிப்பான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, கெட்டிக்காரி, ஆட்டம் படிப்பது எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது.

சரி, அந்த அஞ்சு வார்த்தை, என்றாள் டாக்டரம்மா. மேசை, என்றான், பாலம், ஊசி, பிறகு வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான், பழக்கதோஷத்தில் நெற்றியும் தானாகச் சுருங்கிற்று. அவள் அட்டையைத் திருப்பி ஜூலையைப் பார்த்தாள். மூணு, அப்பவும் மூணுதான், நீங்க எப்பவும் போலத்தான் இருக்கீங்க, ஜெரின், கண்ணும் சரி, நடையும் சரி, விளையாடறதுன்னா விளையாடலாம். ஜூலையில் ஐந்தும் கையில் இருந்தது, மூன்றைக் கொடுத்தான். இப்போது மூன்றைக் கொடுத்துவிட்டுக் கையைப் பார்க்கிறான், கையில் ஒன்றுமில்லை.

வெளியே கூட்டம் இரைகிறது, எதிரணி இரண்டு முறை பத்து கெஜம் தாண்டிவிட்டது, வா வா என்று துணிக்கு வெளியே கோச் கைதட்டுகிறார், இருங்க ஒரு நிமிஷம், என்று சொல்லிவிட்டு ஜெரின் கண்ணை மூடினான், தேவநேசம் மாமா, ஞானம்மாள் பெரியம்மா, ரத்தினபாய் பெரியம்மா, செல்லத்துரை மாமா, அப்புறம் சித்தி, சித்தி, அந்தச் சித்தி, மூக்கோரம் மரு இருக்கும், ஆறாம் வருஷம் இவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தபோது விமானம் ஏறி வந்து ஆறு வாரம் கூடவே இருந்தவள், மரச்சீனியை மசித்து மீன்கறியில் பிசைந்து, வாயத் தொறலே மலைமாடு, என்று ஊட்டிவிட்டவள், அவள் விரலின் மஞ்சள் தெரிகிறது, மீன்கறி மணம் மூக்கில் ஏறுகிறது, அவள் செருப்புச் சத்தம் கூடக் கேட்கிறது, பேர் இல்லை. முதல்ல இருந்து. தேவநேசம் மாமா, ஞானம்மாள், ரத்தினபாய், செல்லத்துரை, சுவர். முதல்ல இருந்து. மறுபடியும் சுவர். கண்ணைத் திறந்து குனிந்தான், மடியில் ஹெல்மெட், அதைப் பிடித்திருந்த தன் கை, பத்து விரல் முட்டியும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. எத்தனை பேர் கையைப் படித்தவன், இதைப் படிக்க மாட்டானா. என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று, டாக்டருக்குத் தெரியாது, கோச்சுக்குத் தெரியாது, எழுபதாயிரம் பேருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும், குரல் அறுந்துபோன பதினைந்து விநாடியில் முடிவு சொல்ல வேண்டியவன் அவன்தான், எப்போதும் அவன்தான். இறுதிப் போட்டி மைதானம் ஒரு தடவை கண்ணுக்குள் விரிந்து மூடிற்று, நெஞ்சு வலித்தது, நல்லா வலித்தது, பொய் சொல்வானேன். எழுந்து நின்றான்.

டாக்டர், ஜூலையில நான் பொய் சொன்னேன், எல்லா ஜூலையிலயும், எனக்கு அஞ்சும் தெரியும், இப்போ நிஜமாவே மூணுதான், என்றான், தெளிவாகச் சொன்னான், தன் ஆட்களுக்கு இடம் மாறச் சொல்கிற அதே குரல். அவள் அட்டையைக் கீழே இறக்கினாள். அடிபட்டவன் திருட்டுத்தனமாக உள்ளே ஓடிவிடக்கூடாது என்று ட்ரெய்னர்கள் ஹெல்மெட்டைப் பிடுங்கி ஒளித்து வைப்பது வழக்கம், அதற்கு வேலை வைக்காமல் இவனே நீட்டினான், இந்தாங்க, பூட்டி வைங்க, நான் கேட்டாலும் தராதீங்க. கோச் ஓடி வந்தார், பையா, நீ பாஸ் ஆயிட்டன்னாங்களே. பாஸ் ஆகல கோச், டெரலக் கூப்பிடுங்க. டெரல் அதற்குள் இவன் இடத்தில் போய் நின்று தடுமாறிக்கொண்டிருந்தவன், நேர நிறுத்தத்தில் ஓரத்துக்கு வந்தான், முகமெல்லாம் வேர்வை. ஜெரின் அவன் ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து அருகே இழுத்தான். இங்க பாரு, கண்ணப் பாக்காத, கண்ணு பொய் சொல்லும், உனக்கு இடப்பக்கம் குனிஞ்சு நிக்கறானே அந்தத் தடியன் கை, விரல் முட்டி வெளுத்திருந்தா ஓட்டம், இல்லன்னா எறியல், வேற ஒண்ணும் பாக்காத. ரெண்டு வருஷமா இதச் சொல்லாம வச்சிருந்தியா, பாவி. ஆமா, போ, போய் நில்லு. டெரல் திரும்பி ஓடினான், அவன் ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் பொட்டு, மாற்று ஆளுக்கென்று பெட்டியில் இருந்து எடுத்து மாட்டினது, வெயிலில் பளிச்சென்று துள்ளித் துள்ளிப் போயிற்று. ஜெரினுக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷம் தன் தலைக்குப் பின்னால் இருந்ததை, மைதானத்தில் ஓடும்போது எப்படி இருக்கும் என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை, அம்மா டெலிவிஷனில் இதைத்தான் தேடிப் பிடிப்பாளாம், இருபத்திரண்டு பேர் குவிந்து கிடந்தாலும், அந்தா எம்பிள்ளை, என்பாளாம். அழகாகத்தான் இருந்தது.

எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு, போக வேண்டியது இரண்டு கெஜம், பாக்கி ஒரு நிமிஷம் பதினோரு விநாடி, அவன் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், அத்தனை தூரத்திலிருந்து விரல் முட்டியெல்லாம் தெரியாது, ஆனால் டெரலின் தலை தாழ்வது தெரிந்தது, கை உயர்ந்து ஆட்களை ஒரு அடி இழுத்தது, ஓட்டம்டா, சபாஷ், என்று ஜெரின் வாய்விட்டே சொன்னான், பந்து கைமாறிற்று, டெரல் சந்தில் புகுந்து பந்தோடு வந்தவனை நெஞ்சோடு நெஞ்சாக நிறுத்தி அப்படியே உட்கார வைத்தான், பந்து நம்ம பக்கம், ஆட்டமும் நம்ம பக்கம், மைதானம் பிளந்தது மாதிரி ஒரு சத்தம். யார் யாரோ ஜெரினைக் கட்டிப்பிடித்தார்கள், ட்ரெய்னர் மட்டும் பூட்டின பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி கட்டைவிரலைக் காட்டினார். அழுதான், சிரித்தான், இரண்டும் ஒன்றாக வந்தது, கூச்சப்படவில்லை. பிறகு ஒருத்தரிடம் போனை வாங்கிக்கொண்டு, சத்தம் இல்லாத இடம் தேடி, அந்த நீலத்துக்குள் தானாகவே நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மக்ளே, என்றாள் அம்மா, பொட்டு வேற தலையில இருந்துச்சே. ஆமாம்மா. அடி பலமாலே. தெரியல, நாளைக்குப் பாப்பாங்க. பேரு சொல்லு என்று அவள் கேட்கவில்லை, முதல் தடவையாகக் கேட்கவில்லை, பின்னால் அப்பா, எழும்பிட்டானா ரோஸ்லெட், என்று கேட்டது காதில் விழுந்தது. பேனாவ எடும்மா, என்றான் ஜெரின். அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நின்று வந்தது. எப்பலே தெரிஞ்சுது. இன்னைக்குத்தான், நீ பெரிய ஆளும்மா, எடு, எழுதிக்க, நாலு பேர் வந்தாங்க, அஞ்சாவது வரல, எனக்குத் தோள் ஒடஞ்சப்ப வந்து ஊட்டிவிட்டாளே அவ, முகம் இருக்கு, கறி இருக்கு, பேர் இல்ல, அதனாலதான் நானே வெளிய வந்துட்டேன், யாரும் சொல்லி வரல. நீல வெளிச்சம் அவன் முழங்காலில் கிடந்தது, மடியில் ஹெல்மெட் இல்லாமல் கை இரண்டும் லேசாக, விரல் முட்டியில் ரத்த நிறம் வந்திருந்தது. கண்ண மூடு, என்றாள் அம்மா, இன்னைக்கு நான் சொல்லுதேன், நீ ஆமென் மட்டும் சொல்லு. தேவநேசம் அண்ணன ஆசீர்வதியும், ஞானம்மாள் அக்காவ ஆசீர்வதியும், ரத்தினபாய் அக்காவ, செல்லத்துரை அண்ணன, என்று அவள் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வர, அவன் பந்து புறப்படும் கணத்துக்குக் காத்திருப்பவனைப் போல முன்னால் குனிந்து காத்திருந்தான், வசந்தபாய, என்றாள், வசந்தபாய், வசந்தபாய் சித்தி, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், கிறிஸ்துராஜ, லீலாபாய, அத்தோடு முடிந்துவிடும் என்று அவன் வாயைத் திறந்தபோது அம்மா நிறுத்தவில்லை, எம்மகன் ஜெரின ஆசீர்வதியும் ஆண்டவரே, அவன் இன்னைக்கு நல்லா வெளையாடினான், என்றாள். பேனா டிக்கென்று ஒலிக்குமா என்று கேட்டுப் பார்த்தான், ஒலிக்கவில்லை. ஆமென், என்றான் ஜெரின்.